ஏழு மதிப்பெண் வாங்கிய கடிதம்

1. திங்கள் காலை பத்து மணிக்கு, உள்ளே வரும் மெயில்களுக்கு மதிப்பெண் போடும் புது விதியை நான் இயக்கினேன்.

2. அன்று மாலைக்குள் ஸ்பேம் புகார்கள் பாதியாகக் குறைந்தன. செவ்வாய் ஒன்றுகூட வரவில்லை. என்னைப் பாராட்டிப் பிரிவில் எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கினார்கள்.

3. செவ்வாய் மாலை புது ஹார்ட் டிஸ்க் வந்தது. அதுவரை வந்த உடனே அழித்துக்கொண்டிருந்த குப்பையை, புதன் முதல் ஒரு வாரம் சேர்த்துவைக்க ஏற்பாடு செய்தேன்.

4. வியாழன் காலை பத்தரைக்கு ஒரு பரோட்டா மாஸ்டர் வந்து, தனக்கு வரவேண்டிய மெயில் வரவில்லை என்றார்.

5. யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று சொன்னேன்.

6. அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் புகார்ப் பதிவேட்டில் அந்த வாரத்தைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். நாகர்கோவில் கிளையில் அடுத்த வாரம் ஸ்பேம் பிரிவுக்குப் பொறுப்பேற்கும் உங்கள் இருவருக்கும் மீதியைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். இங்கே திருவனந்தபுரத்தில் யாருக்காவது எழுதியிருந்தால் மலையாளத்தில் எழுதியிருப்பேன். உங்களால் எனக்குத் தமிழ் எழுதக் கிடைத்தது. பிழை இருந்தால் திருத்தி எனக்கே அனுப்புங்கள், கோபப்பட மாட்டேன்.

நான் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். வயது இருபத்தொன்பது. ஆனால் இந்த நாற்காலியிலிருந்து நான் ஓய்வு பெறுவது உண்மை. ஆறு வருடம் மற்றவர்களின் குப்பையைத் தரம் பிரித்தவளுக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. நான் இந்த வேலையில் சேர்ந்தபோது, ஸ்ரீவராகம் பகுதியில் எங்கள் வீட்டில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "வேண்டாத லெட்டரைக் கிழிச்சுப் போடறதுக்காடி நாலு வருஷம் இஞ்சினீரிங் படிச்சே?" நான் அன்று பெரிதாக விளக்கம் சொன்னேன். இப்போது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

போன மாதப் பயிற்சியில் நீங்கள் இருவரும் ஆளுக்கொரு விதி எழுதிக் காட்டினீர்கள். சுத்தமான வேலை. இரண்டிலும் 'விசா' என்ற சொல்லுக்கு இரண்டு மதிப்பெண் போட்டிருந்தீர்கள். நான் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒன்றாகக் குறைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். நானும் அந்தச் சொல்லுக்கு ஒன்றுதான் போட்டிருந்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்பு நடந்தது இது, மோடம் கீச்சிட்டு இணைப்பு கிடைக்கும் காலம். எங்களுடையது சின்ன நிறுவனம். வாடிக்கையாளர்கள் பலவகை: வீடுகள், டியூட்டோரியல்கள், டாக்டர்கள், எல்லோரையும்விட அதிகமாக பிரவுசிங் சென்டர்கள். ஸ்பேம் புகார் தினமும் வரும். எல்லாப் புகாரும் ஒரே ரகம் அல்ல. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வாரம் தவறாமல் ஒரே முகவரியைப் பற்றி எழுதுவார். விசாரித்தால் அது அவர் மருமகன், கவிதை அனுப்புகிறார். "தடுக்க முடியாது சார், உங்களுக்குத் தெரிந்தவர்" என்று சொன்னேன். "தெரிந்ததால்தானே சொல்கிறேன்" என்றார்.

எங்கள் பிரிவுத் தலைவரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவார்கள், அவர் எனக்கு ஃபோன் செய்து அரை மணி நேரம் மறுப்பார். எதற்கும் நான் பட்டியல் போடுவதால் என்னை 'லிஸ்டு' என்று கூப்பிடுவார். அவரும் மற்றவர்களும் பேசியது மலையாளம். உங்களுக்காகத் தமிழாக்கியிருக்கிறேன், 'அல்லோ', 'கேட்டோ' என்ற வாலை மட்டும் நறுக்கவில்லை.

விதி எளிமையானது. ஸ்பேமில் வழக்கமாக வரும் ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு மதிப்பெண். ஐந்தைத் தொட்டால் அந்த மெயில் வாடிக்கையாளரின் பெட்டிக்குப் போகாது. அனுப்பியவருக்கும் தகவல் போகாது. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் போடும் முகவரி பெரும்பாலும் பொய், திருப்பி அனுப்பினால் யாரோ ஒரு அப்பாவியின் பெட்டி நிறையும். அதனால் சத்தமில்லாமல் அழித்துவிடுவது நாகரிகம் என்று முடிவு செய்திருந்தேன்.

ஐந்து என்ற எண் எங்கிருந்து வந்தது? நல்ல மெயில் எத்தனை மதிப்பெண் வாங்குகிறது, கெட்டது எத்தனை வாங்குகிறது என்று இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தேன். நல்ல மெயிலுக்கு மாதிரியாக எங்கள் அலுவலகத்தில் இருபது பேரின் பெட்டிகளை, அவர்கள் சம்மதத்தோடு எடுத்துக்கொண்டேன். எல்லோரும் பொறியாளர்கள். எங்களுக்கு வரும் கடிதங்கள் சின்ன எழுத்தில் தொடங்கி, வணக்கம்கூட இல்லாமல் முடியும். ஒன்றுகூட மூன்றைத் தாண்டவில்லை. ஐந்து ரொம்பவும் தாராளம் என்று நினைத்தேன்.

இனி வியாழக்கிழமை.

வந்தவர் பெயர் முருகேசன். வள்ளியூர்க்காரர். தம்பானூர்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் பத்து வருடமாகப் பரோட்டா வீசிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட்டை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கவுன்ட்டரில் இருந்த பையன்களை விட்டுவிட்டு, நான் தமிழ் பேசுவேன் என்று யாரோ சொன்னதால் நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், திங்கக்கெழமை எனக்கு லெட்டர் அனுப்பிட்டோம்னு சொல்லுதாங்க. இங்க வரலியே."

"எந்த ஊரிலிருந்து?"

"கல்ஃபு மேடம். ஏஜென்டு இங்க வந்து, எங்க ஹோட்டல்லயே என்னை நாப்பது பரோட்டா வீசச் சொல்லிப் பாத்துட்டுத்தான் எடுத்தாரு. இப்போ சம்மதம்னு கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் காப்பியோட அனுப்பணும். இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள. அங்க பன்னெண்டு."

அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே இரண்டரை. வியாழன் அங்கே அரை நாள் வேலை, வெள்ளி விடுமுறை. சனிக்கிழமை காலை பெயர்ப்பட்டியல் தூதரகத்துக்குப் போகும். பதில் வராதவர்களின் இடத்தில் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஆள் எடுத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில், எனக்குச் சந்தேகமே வராதபடி சொன்னார். அவரும் பட்டியல் போடும் ஆள்தான் போல.

"அவங்க அனுப்பியிருக்க மாட்டாங்க" என்றேன். "அனுப்பியிருந்தா வந்திருக்கும்."

"நேத்தும் பூத்துல இருந்து ஃபோன் போட்டேன். மறுபடி அனுப்புதோம்னு சொல்லி, நான் லைன்ல இருக்கும்போதே அனுப்புனாங்க."

"முகவரியத் தப்பா எழுதியிருப்பாங்க."

"மேடம், கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க இன்னும் உள்ள பாக்கவே இல்ல. பாக்காமலே சொல்லுதீங்க."

பின்னால் பிரிவுத் தலைவர் இருமினார். சிரிப்பை மறைக்கும் இருமல் அது, அவருடன் ஒரு வாரம் இருந்தால் நீங்களும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பார்த்தேன். சாலைக் கடைத்தெருவில் லதா சேச்சி என்பவர் நடத்தும் பிரவுசிங் சென்டரின் பெட்டிக்கு அந்தக் கடிதம் வரவேண்டும். சொந்தமாக மெயில் இல்லாத நிறையப் பேர் அவருடைய முகவரியைத்தான் கொடுப்பார்கள். வந்ததை அவர் அச்செடுத்து, பெயர் எழுதி, ஒரு கம்பியில் குத்திவைப்பார். எங்கள் பதிவில் அந்தப் பெட்டியின் பெயருக்கு எதிரே, புதன்கிழமைத் தடுத்தவற்றில், அந்த ஏஜென்சியின் முகவரியோடு ஒரு வரி இருந்தது. 'தடுக்கப்பட்டது.' பக்கத்தில் மதிப்பெண்: ஏழு.

ஏழு எப்படி வந்தது என்று அந்தப் பதிவிலிருந்தே கூட்டிப் பார்த்தேன்.

தலைப்பு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து, ஒன்று.
'அவசரம்', ஒன்று.
'இலவசச் சாப்பாடு', ஒன்று.
'இலவசத் தங்குமிடம்', ஒன்று.
'விசா தயார்', ஒன்று.
பலருக்கு அனுப்பும் கடிதம்போல, பெறுபவரின் முகவரி மறைக்கப்பட்டிருந்தது, ஒன்று.
வரிக்கு வரி ஆச்சரியக்குறி, ஒன்று.

இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவர்கள் உண்மையிலேயே இலவசமாகச் சாப்பாடு போடுகிறார்கள். விசா உண்மையிலேயே தயார். அவசரம் எவ்வளவு என்பது என் முன்னால் பிளாஸ்டிக் உறையோடு நின்றுகொண்டிருந்தது. இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து வரும் நல்ல செய்தி இப்படித்தான் இருக்கும். இருபது பொறியாளர்களின் பெட்டியில் அப்படி ஒன்று எப்படி இருக்கும்? எங்களை யார் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள்?

"கெடச்சுட்டா மேடம்?"

"கிடைச்சிருச்சு. எங்க மெஷின் அதை ஸ்பேம்னு நினைச்சிருச்சு."

"அப்படின்னா?"

"வேண்டாத லெட்டர்."

"யாருக்கு வேண்டாம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அடுத்த சிக்கல் அனுமதி. தடுத்த கடிதத்தை எடுக்க வேண்டுமென்றால், புதன் முதல் அந்தப் பெட்டிக்கு வந்து தடுக்கப்பட்ட எல்லாவற்றையும் திறக்க வேண்டும். அதில் யார் யாருடைய கடிதங்களோ இருக்கும். நான் திறக்கப் போனேன். தலைவர் என் மேசையில் கை வைத்தார்.

"லிஸ்டு, பெட்டி ஆருடையது?"

"லதா சேச்சியோடது."

"அப்போ சேச்சி வரட்டும். ஒருத்தனுக்கு உதவி செய்யுந்ந வேகத்திலே மத்த பத்து பேருடைய லெட்டரை நாம படிக்கப்படாது, கேட்டோ."

முருகேசனுக்கு இது வெறும் தாமதம் என்றே பட்டது. எனக்கும் அப்படித்தான். ஆனால் இதை நினைவில் வையுங்கள்: அவசரத்தில் நமக்கு முதலில் தோன்றுவது கதவைத் திறப்பது. கதவு யாருடையது என்று அந்த நேரத்தில் கேட்கிற ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் அந்த ஆள் நீங்களாக இருங்கள்.

நான் ஃபோனில் சொல்லி, லதா சேச்சி கடைக்கு ஆள் பார்த்துவிட்டு ஆட்டோவில் வந்து சேரும்போது பன்னிரண்டேகால். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"மூணு திவசமா என்டெ கடையிலே கம்பி காலி. நான் நினைச்சது கல்ஃபிலே ஏதோ பெருநாள்னு. ஆளுகளோடெல்லாம் அப்படித்தான் சொன்னேன். இப்போ நான் எந்தா சொல்லணும், இந்தப் பெண்குட்டி பரீட்சை வெச்சு லெட்டரையெல்லாம் தோக்கடிச்சூன்னா?"

"சேச்சி, உக்காருங்க."

"உக்காந்தாச்சு. திற."

அவர் திரைக்கு முன்னால் உட்கார, நான் எழுந்து பக்கத்தில் நின்றேன். அனுப்பியவர் பெயரை அவரே படித்து, அவரே முடிவு சொன்னார். "இது லாட்டரி, வேண்டாம். இது மீன் கம்பெனிக்காரன், வேணும். இது... அய்யே, வேண்டவே வேண்டாம், நீ அந்தப்புறம் திரும்பு." ஏழாவதாக முருகேசனின் கடிதம் வந்தது. அச்செடுத்தோம். அவர் நின்றபடியே கையெழுத்திட்டார். எழுத்து எழுத்தாக, மெதுவாக. அந்தக் காலத்து ஸ்கேனர் பாஸ்போர்ட்டை அதைவிட மெதுவாகப் படித்தது. ஒன்றேகாலுக்கு சேச்சியின் முகவரியிலிருந்து பதில் கிளம்பியது.

ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது.

காரணமும் எழுதியிருந்தது. எங்கள் நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஸ்பேம் வருவதாக உலகளாவிய தடைப்பட்டியல் ஒன்றில் எங்கள் பெயர் ஏறியிருக்கிறது, ஆகவே அங்கிருந்து வரும் எதையும் ஏற்பதற்கில்லை. நான் நான்கு நாளாக உள்ளே வருவதையே எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே போவதைப் பார்க்கவில்லை. கடற்கரைப் பக்கத்தில் எண்ணெய்க் குளியல் நிலையம் நடத்தும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு எங்கள் லைன் வழியாக அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் இணைப்பை உடனே துண்டித்தேன். ஆனால் பட்டியலிலிருந்து பெயர் இறங்க இரண்டு நாளாவது ஆகும்.

திரையைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, முருகேசன் மெல்லக் கேட்டார்: "அப்போ அவங்களுக்கு நீங்கதான் ஸ்பேமா மேடம்?"

லதா சேச்சி சத்தமாகச் சிரித்துவிட்டார். காலையிலிருந்து அந்த ஆள் சிரிக்காதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போதும் அவர் சிரிக்கவில்லை. சொல்லைக் கற்றுக்கொண்டார், சரியாகப் பயன்படுத்தினார், அவ்வளவுதான்.

மணி ஒன்றரை. வேறொரு நிறுவனத்தின் இணைப்பு வேண்டும். எங்கே இருக்கிறது என்று தலைவருக்கும் சேச்சிக்கும் எனக்கும் தெரியும். ஆனால் தலைவர் முன்னால் அதை முதலில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரே சொன்னார்.

"தாழே உண்டல்லோ."

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே ஒரு பிரவுசிங் சென்டர். தலைக்கு மேலே நாங்கள் இருந்தும், எங்கள் போட்டி நிறுவனத்தின் இணைப்பைத்தான் வைத்திருந்தார்கள். எங்களைவிட வேகம் என்று வாசலில் எழுதியும் வைத்திருந்தார்கள். அந்தப் பலகையைத் தினமும் பார்க்காமல் பார்த்தபடி நாங்கள் படியேறுவோம். அன்று நால்வரும் இறங்கிப் போனோம். தலைவர் கடைசிப் படியில் நின்றுவிட்டார். "நான் இவிடெ நிக்காம்" என்றார். யாராவது பார்த்தால் படியில் நிற்பவரால் ஒரு விளக்கம் சொல்ல முடியும் போலிருக்கிறது.

இலவச மெயில் முகவரி ஒன்றை முருகேசன் பெயரில் புதிதாகத் திறந்தேன். இதுவும் என் விதிப்படி சந்தேகத்துக்குரியதுதான். ஒன்று ஐம்பதுக்குப் பதில் போனது. திரும்பி வரவில்லை. பக்கத்து பூத்திலிருந்து முருகேசன் ஏஜென்சிக்கு ஃபோன் செய்தார். கண்ணாடிக் கதவுக்குள் அவர் தலையாட்டுவது தெரிந்தது. வெளியே வந்தார்.

"கெடச்சுட்டாம். பேரு ஏத்திட்டாங்களாம்."

இங்கே முடித்திருந்தால் இது நல்ல கதை. நானும் மனதுக்குள் முடித்துவிட்டேன். படியேறத் திரும்பியபோது அவர் கேட்டார்:

"மத்தவங்களுக்கு?"

"எந்த மத்தவங்க?"

"திங்கக்கெழம எல்லாருக்கும் ஒண்ணாத்தானே அனுப்புனாங்க. நான் ஃபோன் போட்டதால எனக்கு ரெண்டாவது வந்துச்சு. ஃபோன் போடாதவன் வரும் வரும்னு உக்காந்திருப்பானே."

திங்களும் செவ்வாயும் தடுத்தவற்றை நான் சேர்த்துவைக்கவில்லை என்று முதல் பட்டியலிலேயே எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதங்கள் இல்லை. எந்த டிஸ்கிலும் இல்லை. ஆனால் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்ற பதிவு மட்டும் இருந்தது. மேலே ஓடிப்போய் அந்த ஏஜென்சியின் முகவரியைத் தேடினேன். திங்கள் பதினொன்று நாற்பதுக்கு ஒரே கடிதம் எங்கள் பெட்டிகள் நான்குக்கு வந்திருந்தது. ஒன்று லதா சேச்சியுடையது. மற்ற மூவரிடமிருந்தும் எங்களுக்குப் புகார் எதுவும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு புகாரும் இல்லை என்று பழம்பொரி தின்றோம் அல்லவா, அதில் இந்த மூவரின் மௌனமும் சேர்த்தி. மெயில் அதிகமாக வந்தால் மனிதர்கள் புகார் செய்வார்கள். வராத மெயிலைப் பற்றி யார் புகார் செய்வார்கள்? தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

மணி இரண்டு ஐந்து.

தலைவரிடம் சொன்னேன். அவர் முதலில் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், அவர் மறுக்கட்டும்.

"அவங்க கேக்கலயல்லோ. நாம போய் 'உங்க லெட்டரை நாங்க கிழிச்சுக் களைஞ்சோம்'னு சொன்னா, நாளைக்கு எல்லாரும் கேக்கும். ரெண்டு திவசத்திலே எத்தனை லெட்டர் போச்சோ, எல்லாத்துக்கும்."

"ஆமா சார். கேப்பாங்க."

"கம்பெனி என்னை விட்டு வெக்குமா?"

"தெரியாது சார். ஆனா இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

நான் தைரியமாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். எனக்கு வேறு வாக்கியம் கிடைக்கவில்லை, கடிகாரம் எதிரே இருந்தது, படித்தேன். தலைவர் ஃபோனைத் தன் பக்கம் இழுத்து, முருகேசனிடம் எண்ணை வாங்கி, நேராக ஏஜென்சிக்கே பேசினார். தன் பெயரையும் பதவியையும் சொன்னார். தவறு எங்களுடையது, அந்த மூன்று பேருக்கும் கடிதம் போய்ச் சேரவில்லை, அவர்கள் மேல் குற்றமில்லை என்றார். எதிர்முனையில் இருந்தவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும், அல்லது பசியோடு இருந்திருக்க வேண்டும். மூன்று பேரும் பன்னிரண்டுக்குள் நேரடியாக ஃபோனில் வந்து பாஸ்போர்ட் எண்ணைச் சொன்னால் பெயரை ஏற்றிக்கொள்கிறேன், காகிதம் சனிக்கிழமை வரட்டும் என்றார். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை.

பெயர்களை ஏஜென்சியே சொன்னது, எண்களை எங்கள் வாடிக்கையாளர் படிவங்களிலிருந்து எடுத்தோம். முதல் எண் விழிஞ்ஞத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். உரிமையாளர் ஃபோனை வைக்காமலே தெருவில் கத்தினார், ஆள் ஓடி வந்தார். இரண்டாவது கரமனையில் ஒரு வீடு. மனைவி எடுத்தார். கணவர் குளித்துக்கொண்டிருந்தார், ஈரத் தலையோடு பூத்துக்கு ஓடியதாகப் பிறகு சொன்னார்கள். இரண்டு பதினெட்டுக்குள் இருவரின் வேலையும் முடிந்தது.

மூன்றாவது கல்லாற்றில் ஒரு தேநீர்க் கடை. அந்த எண்ணில் பேசினால் ஆளைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று எங்கள் படிவத்தில் எழுதியிருந்தது. முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை கடைக்காரர் எடுத்தார்.

"ஆளு இப்போ இங்கே இருந்தது. பொன்முடி மலைக்குப் போற ஒரு வண்டியிலே கேறி மேலே போச்சு. வந்தா சொல்லாம்."

"எப்ப வருவாரு?"

"வண்டிக்காரங்க எப்போ இறக்கி விடுமோ அப்போ."

மேலே ஃபோன் இருக்கும் இடங்கள் இரண்டுக்கும் பேசினோம். அந்த வண்டி இன்னும் வரவில்லை என்றார்கள். முருகேசன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். "இருபத்தாறு மேடம்... இருபத்தெட்டு மேடம்." அவர் வேலை முடிந்துவிட்டது, போயிருக்கலாம். நான்கு மணிக்கு மாவு பிசைய வேண்டும். போகவில்லை.

கல்லாற்றுக்காரர் ஐந்தேகாலுக்கு எங்களுக்கு ஃபோன் செய்தார். அவரும் தமிழ்தான், களியக்காவிளைப் பக்கம். நான்தான் பேசினேன். என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னேன். எனக்கு வரிசையாகத்தானே வரும். முடித்ததும், "அப்போ என்னையும் எடுத்திருந்தாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. எடுத்திருந்தாங்க."

"நான் எடுக்கலன்னு நினைச்சேன்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதைக் கேட்டதைவிட, அவர் திட்டியிருந்தாலே எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. தலைவர் நிறுவனத்தின் தாளில், முத்திரை வைத்து, ஏஜென்சிக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. இரண்டு நாளில் அழிந்த மற்றக் கடிதங்களுக்காக, பதிவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டிக்காரருக்கும் நான் ஃபோன் செய்தேன். மூன்று வாரம் ஆனது. திட்டியவர்கள் கொஞ்சம், சிரித்தவர்கள் கொஞ்சம். தன் மருமகனின் கவிதை ஏதாவது அதில் போனதா என்று பேராசிரியர் ஆவலோடு கேட்டார். இரண்டு போயிருந்தது. நன்றி சொன்னார். தலைவரைக் கம்பெனி விட்டுத்தான் வைத்தது, ஆனால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருடம் வேறொருவருக்குப் போனது. அதை அவர் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. வேறு வழியில் தெரிந்துகொண்டேன்.

இப்போது நிலைமை இது. சந்தேகமான எதையும் நாம் அழிப்பதில்லை. பதினைந்து நாள் வைத்திருக்கிறோம், அதன் தலைப்புகளை மட்டும் ஒரு பட்டியலாக வாரம் இருமுறை வாடிக்கையாளருக்கே அனுப்புகிறோம். நல்ல மெயிலுக்கு மாதிரி எடுக்கும்போது பொறியாளர்களை எடுப்பதில்லை. லதா சேச்சி உட்பட ஆறு பிரவுசிங் சென்டர்காரர்கள் சம்மதித்து மாதிரி கொடுக்கிறார்கள். நாகர்கோவிலில் உங்களுக்கு அப்படி ஆறு பேரைத் தேடிக்கொள்ளுங்கள், மாதிரி கொடுப்பதோடு அவர்கள் உங்களைத் திட்டவும் வேண்டும். வெளியே போகும் மெயிலைத் தினமும் காலையில், உள்ளே வருவதற்கு முன்னால் பாருங்கள். முருகேசன் இரண்டு ஒப்பந்தம் முடித்து இப்போது மூன்றாவதில் இருக்கிறார்.

விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்ட முகவரிகளின் கோப்பைத் திறந்தால் முதல் வரியில் ஒரு பெட்டி இருக்கும், காரணம் எழுதியிருக்காது. அது கல்லாற்றுக்காரருடையது. அவருக்கு வருவதை நாங்கள் எடைபோடுவதில்லை, எல்லாமே அப்படியே போகிறது. இதனால் லாட்டரி, மாத்திரை, ஆப்பிரிக்க இளவரசர்கள் எல்லாம் அவருக்கு வந்து சேர்கிறார்கள். போன வருடம் ஃபோன் செய்து, விலக்கை எடுத்துவிடவா என்று கேட்டேன். "வேண்டாம் மேடம், வரட்டும். நானே பாத்து எடுத்துக்கிடுதேன்" என்றார். இன்றுவரை அவருக்கு இரண்டாவது அழைப்பு வரவில்லை. அந்த வரி அப்படியே இருக்கிறது.